வராத வண்டிக்கு வழிவிட்ட பாசஞ்சர்

அந்தப் பாசஞ்சர் வண்டியில் தினமும் போய்வருகிறவர்கள் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் கேட்டார்கள். ஒற்றைத் தண்டவாளமாக இருக்கிற இடத்தில் இன்னொன்று சேர்த்துப் போட்டால் எதிர்வண்டிக்காகக் காத்துக்கிடக்க வேண்டாமே என்றார்கள். முடிந்தால் காலையில் கூடுதலாக ஒரு பெட்டி. ஏனென்றால் ஒருத்தர் மூச்சை வெளியே விட்டால்தான் பக்கத்தில் நிற்கிறவர் உள்ளே இழுக்கலாம் என்கிற அளவுக்குக் கூட்டம்.

"தாழ்ப்பாளாவது போட்டுக் குடுங்களேன் சார்" என்று பல்லக்கா ஒருமுறை ரயில்வே இலாகா அலுவலகத்துக்கே போய்க் கேட்டாள்.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏம்மா, வேகவண்டி வரப்போகுது, இன்னும் தாழ்ப்பாள் தாழ்ப்பாள்னு நிக்கிறீங்களே. கண்ணை மூடித் திறந்தா ஊர் வந்துடும். அதுல போறவங்களுக்குக் கழிப்பறைக்குப் போற அவசியமே வராது."

"அது எப்ப சார் வரும்?"

"வரும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கூட வர்றவங்க யாரையாவது கதவைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

கூட வருகிறவள் அவளுடைய நாத்தனார். வருஷக்கணக்கில் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பவளும் அவள்தான். "அண்ணி, உங்களைப் பெண் பார்க்க வந்தப்பவே எங்கம்மா கேட்டிருக்கணும், பாடத் தெரியுமான்னு இல்ல, பாசஞ்சர்ல போவியான்னு" என்பாள்.

பல்லக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. நகரத்தில் பல்செட் செய்கிற பட்டறையில் வேலை என்பதால் வண்டியில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. மெழுகில் பல்லை வரிசையாகப் பதித்து, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சண்டையில்லாமல் சேர்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சீவுவது அவள் வேலை. நாத்தனாருக்கு அதே தெருவில் செருப்புக்கடை. "வாயையும் காலையும் நம்ம குடும்பம் பாத்துக்குது. நடுவுல உள்ளதை ஊர்ல இருக்கிறவங்க பாத்துக்கட்டும்" என்பதும் நாத்தனார் சொன்னதுதான்.

பட்டறையில் காலை நேரந்தான் முக்கியம். முதல் நாள் ரிப்பேருக்குப் பல்லைக் கொடுத்துவிட்டுப் போன பெரியவர்கள், மறுநாள் விடிந்ததும் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பல் இல்லாமல் வீட்டில் எதையும் கடித்துச் சாப்பிட்டிருக்க முடியாது. பசிக்கோபத்தில் திட்டுவார்கள். பல் இல்லாததால் என்ன திட்டுகிறார்கள் என்றும் புரியாது. அவர்கள் வாயை அடைக்க ஒரே வழி, பல்லக்கா நேரத்துக்கு வந்து அந்த வாயில் பல்லை வைப்பது.

இப்படியிருக்க, ஒருநாள் காலையில் பாசஞ்சர் பாதி வழியில், எப்போதும் ஒரு நிமிஷம் நின்று கிளம்புகிற ஒரு சின்ன ஸ்டேஷனில், பக்கத் தண்டவாளத்துக்குத் திருப்பப்பட்டு நின்றது. நின்றது நின்றதுதான்.

"என்னவாம்?" என்றாள் பல்லக்கா.

ஜன்னலோரம் இடம் பிடித்திருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "பிளாட்பாரத்துல மேடை போட்டிருக்கு அண்ணி. ஒருத்தர் மைக்கைத் தட்டிக்கிட்டு நிக்கிறார். நமக்கு நல்ல காலம் இல்ல."

மைக்கில் இருந்தவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பொதுமக்களைப் பழக்கும் பிரிவு என்று இலாகாவில் புதிதாக ஒன்று உண்டாகியிருந்தது. அதற்கு இவர் துணை முதன்மை அதிகாரி. முதன்மை அதிகாரி பதவி காலியாக இருந்தது. அந்த நாற்காலிக்கு நேர்வழி இந்த மேடை என்பது அவர் நின்ற நிமிர்வில் தெரிந்தது.

"அன்பார்ந்த பயணிகளே! வேகவண்டி வந்தப்புறம் அதுக்கு வழிவிடப் பழகிக்கலாம்னு சிலர் நினைக்கிறாங்க. வெள்ளம் வந்தப்புறமா நீச்சல் கத்துக்கிறது? நம்ம இலாகா எப்பவும் ரெண்டடி முன்னாடி யோசிக்கிற இலாகா. வண்டி இன்னும் வாங்கலை. பாதை போடலை. பாதைக்கு நிலம்கூட எடுக்கலை. ஆனா பாருங்க, கால அட்டவணை தயார்! 'தாமதத்துக்கு வருந்துகிறோம்'னு அறிவிப்பு, அதுவும் ஒரு நல்ல குரலா பாத்துப் பதிவு பண்ணியாச்சு. இனிமே தினமும் இந்த நேரத்துக்கு, இதோ இந்த நேர்த்தண்டவாளத்துல, வேகவண்டி போறதா பாவிச்சு, உங்க வண்டி ஒதுங்கி நின்னு வழிவிடும். கைக்குட்டை வெச்சிருக்கிறவங்க மூக்கைப் பொத்திக்கலாம். தூசி பறக்கும்."

ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக்கொடியோடு வந்து விறைப்பாக நின்றார். இன்னும் சில வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறவர். அதுவரை எந்தக் கொடியைக் கொடுத்தாலும் ஆட்டுவது என்ற முடிவில் இருந்தார். கொடி ஆடியது. அதிகாரி மைக்கை வாயோடு ஒட்டிவைத்து, "விர்ர்ர்ர்ர்ர்" என்றார்.

வண்டிச் சத்தத்தையும் பதிவு செய்திருக்கலாம். வண்டி எந்தக் கம்பெனியில் வாங்குவது என்று முடிவாகாததால் எந்தச் சத்தம் போடுவது என்பதில் கருத்து வேற்றுமை இருந்ததாம். அதனால் அதிகாரியே சொந்த வாயால் செய்தார். அன்றிலிருந்து வண்டியில் அவருக்குப் பேர் விர்ரு.

பயணிகள் தலையை இடமிருந்து வலமாகத் திருப்பினார்கள். ஒருத்தர் மட்டும் வலமிருந்து இடமாகத் திருப்பினார்.

"ஏங்க, நீங்க பாக்குறது சாயங்கால வண்டி!" என்று அதட்டினார் விர்ரு.

"அண்ணி, பாத்தீங்களா?"

"எதை?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

அதையே விர்ருவும் கேட்டார். ஒவ்வொரு பெட்டியாக ஏறி வந்து, "வேகவண்டியைப் பாத்தீங்களா?" என்றார். பல்லக்காவின் பெட்டியில் ஒரு வெள்ளந்தி மனிதர், பெயின்டராம், "இல்லைங்களே" என்று சொல்லிவிட்டார்.

"பாக்காதவங்க இருந்தா மறுபடி விடணும். அதுதான் விதி" என்று விர்ரு மேடைக்குத் திரும்பினார். மறுபடி கொடி, மறுபடி விர்ர்ர். பாசஞ்சர் நின்றுகொண்டே இருந்தது. பெயின்டரைச் சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்த்த பார்வையில், அடுத்தமுறை அவர் வேகவண்டியை மட்டுமில்லாமல் அதன் அடியில் இருந்த நட்டு போல்ட்டையும் பார்த்துவிட்டார்.

பல்லக்காவின் முறை வந்தபோது அவளுக்குக் கண்முன்னால் வந்தது பட்டறை வாசலில் பொக்கை வாயோடு உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள்தான். "பாத்தேன் சார். ஜன்னல்ல ஒரு அம்மா எனக்குக் கையாட்டினாங்க. நல்ல மூக்குத்தி."

விர்ருவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! ஒரே நாள்ல என்ன முன்னேற்றம்!"

அதன்பிறகு இது தினப்படி ஆகிவிட்டது. கொடி ஆடும், விர்ர் வரும், தலைகள் திரும்பும். பார்த்தாயா என்றால் பார்த்தேன், நிறம் என்ன என்றால் நீலம். வண்டிக்கு என்ன நிறம் என்று இலாகாவில் முடிவாவதற்குள் பாசஞ்சரில் முடிவாகிவிட்டது. எருமை வாங்குவதற்கு முன்பே நெய்க்கு விலை பேசிய கதையாக, வேகவண்டியில் பக்கத்து இருக்கைக்காரர் குறட்டை விட்டால் யாரிடம் புகார் செய்வது என்று ஒரு நாள் வகுப்பு எடுத்தார் விர்ரு. இன்னொரு நாள் வழிவிட்ட பிறகு முகத்தில் இருக்க வேண்டிய பெருமிதம் எப்படி என்று செய்து காட்டினார்.

ஒருநாள் கொடியும் ஆடவில்லை, விர்ர் சத்தமும் வரவில்லை. ஒலிபெருக்கியில் தேன் போல ஒரு பெண்குரல் வந்தது. வேகவண்டி தாமதமாக வந்துகொண்டிருக்கிறது, தாமதத்துக்கு வருந்துகிறோம்.

பெட்டியே எழுந்து நின்றுவிட்டது.

"சார், இல்லாத வண்டி எப்படி சார் லேட்டாகும்?" என்று கத்தினார் பெயின்டர்.

"மேலிடத்துலேருந்து சிறப்பு விருந்தினர் ஒருத்தர் இன்னிக்கு அதுல வர்றதா பாவனை. அவர் இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பலை" என்றார் விர்ரு.

நாத்தனார் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "இப்பதான் அண்ணி எனக்கு நம்பிக்கையே வருது. இது நம்ம இலாகா வண்டிதான்."

அன்றைக்குப் பல்லக்கா பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பொக்கை வாய்க்காரர்கள் கூடி ஏதோ கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன கோஷம் என்று தெரியவில்லை. முதலாளியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு உள்ளே நின்றாள்.

"ஏன் லேட்டு?"

"வேகவண்டிக்கு வழிவிட்டோம்மா."

"வேகவண்டிதான் இன்னும் வரவே இல்லையேடி!"

"வரலைம்மா. அதுவும் இன்னிக்கு லேட்டு."

முதலாளியம்மா கெட்டவள் இல்லை. கையில் இருந்த பல்செட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் கத்தினாள். "இங்க பாரு. உன் கை மாதிரி வராதுன்னு எனக்குத் தெரியும். ஆனா உன் கை பத்து மணிக்கு வந்தா எட்டு மணி வாய்க்கு நான் என்ன பதில் சொல்றது? என் மச்சினன் பொண்ணு எதிர்த்தெருவுல இருக்கா. பல்லுக்கும் பட்டாணிக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனா நடந்தே வந்துடுவா. இன்னும் ஒரு நாள் லேட்டா வந்தே, உன் மேஜை அவளுக்கு."

அந்த மேஜை ஜன்னலோர மேஜை. நல்ல வெளிச்சம் வரும். அதில் உட்காருவதற்குள் பல்லக்கா எத்தனை வருஷம் பின்கட்டில் நின்று பல் அச்சுக்குச் சுண்ணமாவு குழைத்திருக்கிறாள்! திரும்ப வரும்போது வண்டியில் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாளைக்கு நான் இறங்கி அந்த விர்ருவோட மைக்கைப் பிடுங்கிடட்டுமா அண்ணி?"

"பிடுங்கினா? மைக் இல்லாமலே விர்ருனுவான். சும்மா இரு."

"பஸ்ல போங்களேன்."

"பஸ்ஸுக்குப் போக வர ஆகிற காசுக்கு நான் வீட்டுலயே உக்காந்து என் பல்லையே எண்ணிக்கிட்டிருக்கலாம்."

மறுநாள் காலை. வண்டி பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கியது. பல்லக்கா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். சீக்கிரம் விர்ருனு தொலையேன்டா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மேடையில் ஏறிய விர்ரு வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார்.

"பயணிகளே! இன்னிக்கு உங்களுக்கு ஒரு புதுப் பயிற்சி. எந்த உயர்ந்த வண்டியும் ஒருநாள் பழுதாகும். பழுதே ஆகாதுன்னு நாங்க சொன்னா நீங்க நம்புவீங்களா? மாட்டீங்க. மக்கள் நம்பணுங்கிறதுக்காகவே, நல்லா யோசிச்சு, உயர்மட்டத்துல கூடிப் பேசி, வேகவண்டியை இன்னிக்கு நாங்க பழுதாக்கியிருக்கோம். இந்த ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவுல, வயல்வெளியில நிக்குது. அது சரியாகிற வரைக்கும் பாதை அடைப்பு. பொறுமையா இருக்கிறது எப்படின்னு இப்ப பழகப்போறோம்."

"எப்ப சார் சரியாகும்?"

"பழுது என்னன்னு கண்டுபிடிக்க ஒரு குழு போடப்போறாங்க."

குழு என்றால் என்ன என்று பல்லக்காவுக்குத் தெரியும். தாழ்ப்பாளுக்கும் ஒரு குழு போட்டிருந்தார்கள். அவள் இறங்கினாள். மேடைப் பக்கம் போனாள். என்ன பேசப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாயில் வந்ததைக் கேட்டாள்.

"ஐயா, அப்ப அந்த வண்டியில இருக்கிறவங்க கதி?"

"எவங்க?"

"எனக்குத் தினமும் கையாட்டுவாங்களே, மூக்குத்தி போட்ட அம்மா. அவங்க, அவங்க கூட இருக்கிறவங்க எல்லாரும். பாவம், வெயில்ல, வயல் நடுவுல."

விர்ரு இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சமாளித்தார். "அவங்கல்லாம் பெரிய பெரிய ஆளுங்கம்மா. தொழிலதிபர்கள், நிபுணர்கள். பொறுத்துக்குவாங்க."

"பெரிய ஆளுங்க பொறுத்துக்க மாட்டாங்களே ஐயா. நாங்கதானே பொறுத்துக்குவோம். பஸ்ஸு நடுவழியில நின்னா பின்னாடி வர்ற பஸ்ஸுல ஏத்திவிடுவாங்க. ரயில்ல அந்த வழக்கம் இல்லைங்களா?"

அவள் கேட்டது வெறும் வயிற்றெரிச்சலில். ஆனால் விர்ருவின் முகம் வெளுத்துப்போயிற்று. அவர் ஒதுங்கி நின்று மேலிடத்துக்குப் போன் செய்தார். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் பிளாட்பாரத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, பழுதுப் பயிற்சி நல்லபடியா நடக்குதுங்க… ஆமாங்க, நிக்குது… இல்லைங்க, அதுல இருக்கிறவங்களைப் பத்தி ஒரு பொதுஜனம் கேக்குது… ஆமாங்கய்யா, நேரந்தவறாம போய்ச் சேருவாங்கன்னு விளம்பரம் குடுத்திருக்கோம்… ஐயோ, நீங்களும் அதுலதான் இருக்கிறதா பாவனைங்களா? எனக்குச் சொல்லலைங்களே! … உடனே! உடனே ஐயா!"

போனை வைத்தவர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினார். "மீட்பு வண்டி விடணும். வேகவண்டி ஆளுங்களை ஏத்திக்கிட்டு, வேகவண்டியோட நேரத்துக்குள்ள கொண்டுபோய் இறக்கணும். வழியில எல்லாத்தையும் நிறுத்துங்க. சரக்கு வண்டி, எதிர்வண்டி, ரயில்வே கேட்டு, எல்லாம். முழுப் பச்சை!"

"எந்த வண்டியை சார் அனுப்புறது?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

இருவரும் பாசஞ்சரைப் பார்த்தார்கள். வேறு வண்டி அந்தப் பாதையில் கிடையாது.

"இப்ப இருந்து இது பாசஞ்சர் இல்லை. இது வேகவண்டியோட மீட்பு வண்டி" என்றார் விர்ரு.

பல்லக்கா ஒரே தாவில் ஏறினாள். கூடவே விர்ருவும் ஏறினார். ஏறினவர் முதலில் செய்த காரியம், உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பியது. "வரப்போறவங்க உயர்ந்த வகுப்புப் பயணிகள். இடம் காலி பண்ணுங்க."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு நடுவே நீள நீளமாகக் காலி இருக்கைகள். வண்டி கிளம்பியது, வயல்வெளிக்கு வந்தது, நின்றது. இரண்டு பக்கமும் பயிர். ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று இவர்களைப் பார்த்தது.

விர்ரு கதவைத் திறந்தார். "வாங்க, வாங்க. படி உயரமா இருக்கு, பாத்து. இலாகா சார்பா வருந்துகிறோம். வாங்கய்யா. மெதுவா."

நாத்தனாருக்கு அடக்க முடியவில்லை. "சார், அந்த மூலைக்காரருக்குப் பெட்டி கனம் போல. ஒரு கை பிடிங்க."

விர்ரு குனிந்து ஒரு கை பிடித்தார்.

"அந்தப் பெட்டி இல்ல சார், பக்கத்துல."

பல்லக்கா அவளைக் கிள்ளினாள். "ஏய், விளையாடாத. நேரம் போகுது." பிறகு கழுத்தை வெளியே நீட்டி, முன்னும் பின்னும் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள். "எல்லாரும் ஏறிட்டாங்கய்யா! அந்தப் பக்கமும் யாரும் இல்லை! கிளம்பச் சொல்லுங்க!"

"நிச்சயமாவாம்மா? எங்க பெரிய ஐயா ஏறிட்டாரா?"

"அதோ, ஜன்னலோரம். முறைக்கிறார்."

விர்ரு ஜன்னலோரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டிரைவருக்குக் கையைக் காட்டினார்.

அப்புறம் நடந்ததைப் பாசஞ்சரில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். வண்டி பறந்தது. எதிர்வண்டி எங்கேயோ ஒதுங்கி நின்றது. தினமும் இவர்களை முக்கால் மணி நேரம் காக்கவைத்து, முந்திக்கொண்டு ஆடி அசைந்து போகும் சரக்கு வண்டி, பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. கேட்டில் நின்ற லாரிக்காரர்கள் என்னமோ ஏதோ என்று இறங்கிவந்து பார்த்தார்கள். சிக்னல் ஒவ்வொன்றும் பச்சை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சிவப்பையும் மஞ்சளையும் மட்டுமே பார்த்துவந்த டிரைவர், முதலில் தம் கண்ணில்தான் கோளாறோ என்று துடைத்துக்கொண்டதாகப் பின்னால் சொன்னார்.

"அண்ணி, இந்த வண்டி இவ்வளவு வேகம் போகுமா?"

"விட்டா போகும்போல."

"அப்ப இத்தனை நாளா?"

"விடலை."

ஒரு கிழவர் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டே கால் மாற்றி நின்றார். பல்லக்காவுக்கு மனசு கேட்கவில்லை. விர்ருவிடம் நெருங்கி மெதுவாகச் சொன்னாள். "ஐயா, இந்த சீட்டுல உக்காந்திருக்கிற தொழிலதிபர் சொல்றார், ரொம்ப நேரமா உக்காந்தே வந்தாராம், கால் மரத்துப்போச்சாம். கொஞ்ச நேரம் நிக்கட்டுமான்னு கேக்குறார்."

விர்ரு யோசித்தார். உயர்ந்த வகுப்புப் பயணியின் வேண்டுகோள். "நிக்கட்டும், நிக்கட்டும்" என்றார். கிழவர் உட்கார்ந்தார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் வேகவண்டிப் பயணிகள் அத்தனை பேருக்கும் கால் மரத்துப்போயிற்று.

நகரத்து ஸ்டேஷனில் இவர்கள் இறங்கியபோது பெருக்குகிறவர் பெருக்கி முடித்திருக்கவில்லை. "இது நேத்து வண்டியா?" என்று கேட்டார்.

பட்டறை பூட்டியிருந்தது. பொக்கை வாய்க்காரர்களில் ஒருத்தர்கூட இன்னும் வரவில்லை. சாவியை ஆட்டிக்கொண்டு வந்த முதலாளியம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"என்னடி இது? ராத்திரி வீட்டுக்குப் போகலையா? சண்டையா?"

"போய்ட்டுத்தாம்மா வந்தேன். ரயில்ல."

"பொய் சொல்லாத. ரயில்ல வந்தா இந்நேரத்துக்கு எப்படி வருவே?"

அன்றைக்குப் பெரியவர்கள் வந்ததும் வந்ததுமாகப் பல்லை வாங்கிப் போட்டுக்கொண்டு, தெளிவாகப் பாராட்டிவிட்டுப் போனார்கள். முதலாளியம்மா குளிர்ந்துபோனாள். குளிர்ந்தாலும் முதலாளி முதலாளிதானே. "சரி. இன்னிக்கு வந்துட்டே. ஒருநாள் மழையில குளம் நிறையாது. தினமும் இப்படி வர்றதா இருந்தா மேஜை உனக்கு. நாளைக்கே லேட்டுன்னா, மச்சினன் பொண்ணு நாளன்னிக்கு இங்க உக்காந்திருப்பா."

இலாகாவிலும் கொண்டாட்டம். சாயங்காலப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது: நடுவழியில் பழுதான போதும் நேரந்தவறாத வேகவண்டி, உலகிலேயே முதல் முறை. கீழே பெரிய அதிகாரியின் பேட்டி. "ஓடாத நிலையிலேயே இந்த வேகம் என்றால், ஓடினால் எப்படியிருக்கும் என்று மக்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்." பாசஞ்சர் வண்டியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. விர்ருவைப் பற்றி இரண்டு வரி இருந்தது. காலியாக இருந்த முதன்மை அதிகாரி நாற்காலி இனி அவருக்குத்தான் என்று பேச்சு.

மறுநாள் காலை. பாசஞ்சர் பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கி நின்றது. புதுச் சட்டையில் வந்திருந்த விர்ரு மேடை ஏறி மைக்கைத் தட்டினார்.

"பயணிகளே, ஒரு நல்ல செய்தி. வேகவண்டி முழுசா பழுது பார்க்கப்பட்டு, புத்தம்புதுசா, இதோ வந்துக்கிட்டிருக்கு. இனிமே ஒரு குறையும் வராது. வழக்கம்போல வழிவிட்டு, முன்னாடி சரக்கு வண்டி போனப்புறம், எதிர்வண்டி வந்தப்புறம், நீங்க நிதானமா கிளம்பலாம்."

வண்டி முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. பெயின்டர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு அண்ணி. மச்சினன் பொண்ணு பட்டாணி பதிக்கப் போறா" என்றாள் நாத்தனார்.

ஸ்டேஷன் மாஸ்டர் கொடியை உயர்த்தினார். விர்ரு மைக்கை வாயில் வைத்தார். "விர்ர்ர்ர்ர்…"

தலைகள் இடமிருந்து வலமாகத் திரும்பின. எல்லாத் தலையும் வலக்கோடிக்குப் போனபோது பல்லக்காவின் தலை மட்டும் நடுவிலேயே நின்றது. அவள் மெதுவாக எழுந்தாள். கையை நீட்டினாள்.

"ஐயா, புகை வருதே!"

விர்ர் பாதியில் அறுந்தது. "என்னது?"

"வேகவண்டியில ஐயா. புகை. சக்கரத்துக்குப் பக்கத்துல. மூக்குத்தி அம்மா இருமுறாங்க பாருங்க!"

பெயின்டர் வாளியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஆமா சார்! கருப்புப் புகை!"

"கருப்பு இல்ல, சாம்பல்!" என்றார் நேற்று உட்கார இடம் கிடைத்த கிழவர்.

"ஐயோ, நின்னுடுச்சே, அதோ வயல்லயே நின்னுடுச்சே!" என்று நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டாள். "உங்க பெரிய ஐயா ஜன்னல் வழியா கையை ஆட்டிக் கூப்பிடுறார் சார், உங்களைத்தான் சார்!"

ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரையும் கேட்காமல் பச்சைக்கொடியைச் சுருட்டிவிட்டு, வழியெல்லாம் பச்சை கேட்கப் போன் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

விர்ரு வெறும் தண்டவாளத்தைப் பார்த்தார். பயணிகளைப் பார்த்தார். இத்தனை நாள் அவர் இல்லாததைக் காட்டினார், அவர்கள் கண்டார்கள், அவர் பாராட்டினார். இப்போது அங்கே புகை இல்லை என்று சொல்ல வேண்டுமானால், வேறு என்னென்ன அங்கே இல்லை என்றும் அதே வாயால் சொல்லியாக வேண்டும். முதன்மை அதிகாரி நாற்காலி கண்முன் வந்து ஒரு சுற்றுச் சுற்றியது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புதுச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, அவர் பல்லக்காவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"எந்தப் பெட்டியிலம்மா?"